தோளுயரத் தடுப்பு

வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று கிளிஃபோர்ட் ஆம்ப்ளர் சொன்னதும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். வேண்டும் என்பவர்கள் என்றபோது எழுந்தது ஒரே ஒரு கை. அது பெரில் ஸ்டேதர்ஸின் கை. கணக்கெடுத்து முடித்த பிறகும் அவள் அதை இறக்கவில்லை.

"பாத்தாச்சு பெரில். கையைக் கீழ போடு."

"வலிக்கல. இருக்கட்டும்."

அது ஹார்ஸ்விக் ரயில்பாதையின் கமிட்டிக் கூட்டம். யார்க்ஷயரின் கிழக்கு ஓரத்தில், லாபமில்லை என்று அரசாங்கம் எப்போதோ மூடிவிட்டுப் போன பாதை. சுற்று வட்டாரத்துக்காரர்கள் சம்பளமில்லாமல் உழைத்துத் தண்டவாளம் போட்டு, நீராவி எஞ்சின் பூட்டி, மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கிளிஃபோர்ட் அதன் தலைவர். பழைய பெட்டிகளைச் செப்பனிடும் கொட்டகை பெரிலின் பொறுப்பு. வாரநாட்களில் அவளுக்குப் பெவர்லி நகரில் பல்செட் செய்யும் வேலை.

அன்றைய பேச்சு ஆல்டர்பி கடலோரத்தில் இருந்த ஒரு வீட்டைப் பற்றியது. வெளியே பார்த்தால் தகரக் கூரை போட்ட சாதாரண வீடு. உள்ளே போனால்தான் தெரியும், அது விக்டோரியா மகாராணி காலத்து ரயில்பெட்டி. ஐந்து அறை கொண்ட மூன்றாம் வகுப்புப் பெட்டி. ஓடி ஓய்ந்ததும் சக்கரத்தையும் இரும்பையும் கழற்றிக்கொண்டு, மர உடம்பை மட்டும் ரயில் கம்பெனி மலிவாக விற்றுவிட்டது. வாங்கியவர் கடலோர மேட்டில் அதை இறக்கி வைத்து, மேலே ஒரு கூரை போட்டு, பக்கத்தில் செங்கல் சமையலறை ஒட்டிக் குடியேறினார். அந்தக் கூரைதான் பெட்டியைக் காப்பாற்றியது. மழை படாத மரம் எளிதில் சாகாது.

இப்போது அந்த மேட்டையே கடல் தின்றுகொண்டிருந்தது. அங்கே பாறை கிடையாது, வெறும் களிமண். அலை அடிவாரத்தை அரிக்க அரிக்க, மேலே புல்வெளி துண்டு துண்டாகச் சரியும். இடித்துவிடுங்கள் என்று கவுன்சில் சொல்லிவிட்டது.

"வைக்க இடமில்ல," என்றார் கிளிஃபோர்ட். "ஏற்கெனவே வயல்ல எத்தனை கிடக்கு, உனக்குத் தெரியாதா?"

பெரிலுக்குத் தெரியும். கொட்டகைக்குப் பின்னால் இருந்த வயலில், 'அடுத்து எடுத்துக்கொள்ளலாம்' என்று தார்ப்பாய் போட்டு வைத்த பெட்டிகள் வரிசையாக நின்றன. தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். மரம் புழுங்கிப் புழுங்கி உளுத்துவிடும். வயலுக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

"வயலுக்குப் போகாது. என் கொட்டகைக்குள்ள வரும். வியாழக்கிழமை போய் எடுத்துட்டு வரேன்."

"கமிட்டி வேண்டாம்னு சொல்லியிருக்கு!"

"கமிட்டி வரவேண்டாம். நான் போறேன்," என்று தட்டில் இருந்த கடைசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

*

அந்த வீட்டில் இருந்தவர் டெஸ் மெட்ஃபோர்த். நண்டுக்கூடை போட்டுப் பிழைத்தவர், அந்தப் பெட்டியிலேயே பிறந்தவர். கவுன்சில் ஆட்கள் மூன்று முறை வந்து மூன்று முறையும் திட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெரில் போனபோது வாசலில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இடிக்கவா வந்தே?"

"இல்ல. தூக்கிட்டுப் போக."

"எதை?"

"வீட்டை."

டெஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தூக்கிட்டுப் போய்?"

"சக்கரம் மாட்டி ஓட்டுவேன்."

"உனக்கு என்ன வேலை?"

"பல்செட் பண்றேன்."

"அதானே பார்த்தேன்." அவர் சிரித்ததில் மேல்வரிசை கொஞ்சம் ஆடியது. "பல்லுக்காரம்மா, என் சமையக்கட்டை ஓட்டப் போறியாக்கும்! சரி, எடுத்துக்கோ. அந்தக் கவுன்சில் பயலுக இடிக்க வந்து வெறும் தரையைப் பாக்கணும். அதுக்காகவே தரேன்."

வியாழக்கிழமை தனியாகத்தான் போக நேரும் என்று பெரில் நினைத்திருந்தாள். ஆனால் வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் மூன்று பேர் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு அங்கே நின்றார்கள். கமிட்டியில் சொன்னது வேறு, பெட்டி வெளியே வருவதைப் பார்ப்பது வேறு என்றார்கள்.

முதல் சிக்கல் பெட்டியின் உடம்பு. நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே குச்சித்தட்டு இருக்கும்வரை உறையை அழுத்தினாலும் நசுங்காது. தட்டை உருவிவிட்டால் இரண்டு விரலால் சப்பையாக்கிவிடலாம். ரயில்பெட்டியிலும் அதே கதைதான். அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புகள்தான் அதை நிமிர்த்திப் பிடிக்கின்றன. டெஸ்ஸின் குடும்பமோ, அறை பெரிதாக வேண்டும் என்று இரண்டு தடுப்புகளை முழுசாக எடுத்துவிட்டு, மற்ற இரண்டில் வாசல் வெட்டியிருந்தது. அப்படியே தூக்கினால் பெட்டி மடங்கிவிடும். அதனால் பெரில் உள்ளே மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டைகளை அறைந்து முட்டுக்கொடுத்தாள். சதுரத்தை எப்படியும் நசுக்கலாம், முக்கோணத்தை நசுக்க முடியாது.

இரண்டாவது சிக்கல் கிரேன். களிமண் விளிம்புக்குப் பக்கத்தில் கிரேன் கால் ஊன்றினால் அந்தப் பாரத்துக்கே மேடு இறங்கிவிடும். கிரேன்காரர் வயலின் நடுவில் நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல ஒரு அடி வரமாட்டேன்," என்றார். ஆகவே பெட்டிதான் கிரேனிடம் போகவேண்டும். ஜாக்கி வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அடியில் நீளநீளமான மரச்சட்டங்களைச் செருகி, அவற்றின் மேல் மாட்டுக்கொழுப்பைக் கெட்டியாகத் தடவினார்கள். சமையலறைச் சுவர் இடிந்தது. பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டரில் இரண்டு கயிறு. இரண்டையும் பெட்டியோடு பிணைத்த ஒரே உத்திரத்தின் இரு முனைகளில் கட்டினார்கள். அப்போதுதான் இழுப்பு இரண்டு முனைக்கும் சமமாகப் போகும், ஒரு முனை முந்திப் பெட்டி கோணாது.

டிராக்டர் உறுமியது. பெட்டி அசையவில்லை. பிறகு ஏதோ மனசு மாறியது போல மெல்ல வழுக்கிக்கொண்டு நிலத்துப் பக்கம் நகர்ந்தது. அது இருந்த இடத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு கை நுழையும் அளவுக்கு வெடிப்பு தெரிந்தது. டெஸ் கடலைப் பார்த்துக் கைமுஷ்டியை ஆட்டினார்.

*

வந்த பொருளை எறியச் சொல்லக் கிளிஃபோர்டுக்கும் மனம் வரவில்லை. ஆனால் கொட்டகையில் ஓர் இடம்தான் இருந்தது. அதை ஒரு பழைய டீசல் ரயில்வண்டியைச் செப்பனிடும் குழுவினருக்குத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். "மூணு வருஷம் தரேன்," என்றார். "மூணாவது வருஷம் ஆகஸ்ட் கடைசியில வர்ற விடுமுறைத் திங்கள் அன்னைக்கு இது ஆளை ஏத்திக்கிட்டு ஓடணும். ஓடலைன்னா, செவ்வாய்க்கிழமை வயலுக்கு."

பெரில் ஒப்புக்கொண்டாள். வேறு வழி?

பெட்டியின் உளுத்த மரத்துக்கு அவள் செய்தது பல்வைத்தியம்தான். சொத்தையை நல்ல மரம் தெரியும் வரைக்கும் குடைந்து எடுப்பாள். அதன்பின் புது மரத்தைச் சாய்வாக வெட்டி, பழையதன் சாய்வோடு பொருத்தி ஒட்டுவாள். நேராக வெட்டி ஒட்டினால் இழுத்ததும் பிரிந்துவிடும். சாய்வாக வெட்டினால் ஒட்டுகிற பரப்பு பல மடங்கு, பிடிப்பும் அப்படியே. வர்ணம் பூசுவதற்கு முன் பழைய வர்ணத்தை ஓரிடத்தில் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்துப் பார்த்தாள். மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு பூச்சும் ஒவ்வொரு வளையமாகத் தெரிந்தது. வெளியே டெஸ்ஸின் பச்சை, அதற்குள் அவர் அப்பாவின் வெள்ளை, அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, கருஞ்சிவப்பு. அந்தக் கருஞ்சிவப்பையே கலந்தாள். அடிச்சட்டமும் சக்கரமும் உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய சரக்குவண்டியிலிருந்து வந்தன. அது நீளம் அதிகம். நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் பற்றவைத்தார்கள்.

கொட்டகைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் புரியாத எதைக் கண்டாலும் "வீட்டுக்காரங்க வேலை" என்பார்கள். சுவரில் கொக்கியா? வீட்டுக்காரங்க வேலை. தரையில் சம்பந்தமில்லாத ஓட்டையா? வீட்டுக்காரங்க வேலை. சொல்லிவிட்டுப் பிடுங்கிப் போடுவார்கள், அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். கூரையில் தகரம் வைத்து மூடிய மூன்று பெரிய வட்ட ஓட்டைகள் இருந்தன. ஒன்று நடு அறைக்கு மேலே. மற்ற இரண்டும், தடுப்பு நிற்கவேண்டிய கோட்டுக்கு நேர் மேலே. சுவருக்கு மேலே யாராவது ஓட்டை போடுவார்களா? அடுப்புப் புகை போக வீட்டுக்காரர்கள் போட்டது என்று பெரில் தீர்மானித்தாள். நல்ல மரம் வைத்து, வட்டம் தெரியாதபடி அழகாக அடைத்தாள். ஒவ்வொரு அறை நடுவிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. விளக்குக்கானவை அவை என்று வைத்துக்கொண்டாள். தடுப்புகள் நான்கையும் தரையிலிருந்து கூரைவரை புதிதாகச் செய்து நிறுத்தினாள். ரயில்வே ஆய்வாளர் திரு. பிம் ஜூன் மாதம் வந்து, தட்டிப் பார்த்து, உடம்பு உறுதி என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை டெஸ் பார்க்க வந்தார்.

அவர் இப்போது ஹார்ன்சீயில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார், அதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே. பெட்டிக்குள் ஏறி ஒவ்வொரு அறையாக நுழைந்து வந்தார்.

"எங்கம்மா அலமாரி எங்க?"

"எடுத்துட்டோம் டெஸ். அது வீட்டுக்காரங்க... உங்க வேலை இல்லையா. பெட்டி கட்டினப்ப இல்லாததை எல்லாம் எடுத்தாச்சு."

"ஓ." அவர் அண்ணாந்து பார்த்தார். "மேல இருந்த வட்டமெல்லாம்?"

"உங்க புகைபோக்கி ஓட்டையா? அடைச்சாச்சு. தெரியுதா பாருங்க!"

"என் புகைபோக்கியா?" டெஸ் அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "எங்களுக்கு இருந்தது ஒரே அடுப்பு. அது செங்கல் சமையக்கட்டுல. நீதானே இடிச்சே? மூணு புகைபோக்கி வைக்க நாங்க என்ன அரண்மனையா கட்டியிருந்தோம்? அந்த ஓட்டையெல்லாம் எங்க தாத்தா வாங்கும்போதே இருந்துச்சு. ஒழுகுதேன்னு தகரம் அடிச்சதுதான் நாங்க."

பெரில் ஏணியில் உட்கார்ந்துவிட்டாள்.

யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. இந்தப் பெட்டி பிறந்த காலத்தில் எண்ணெய் விளக்குதான். அறைக்குள் யாரும் விளக்கேற்றுவதில்லை. நிலையத்து ஆள் பெட்டியின் கூரைமேல் நடந்துபோய், எரிகிற விளக்கை மேலிருந்து ஓட்டைக்குள் இறக்கி வைப்பான். அதற்குப் பெரிய வட்டம் வேண்டும். சின்ன ஓட்டைகள் பின்னால் வந்த எரிவாயு விளக்குக்கானவை. சரி, விளக்கு எதற்குத் தடுப்புக்கு மேலே? மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அறைக்கொரு விளக்கு தரக் கம்பெனிக்கு மனசில்லை. இரண்டு அறைக்கு ஒரு விளக்கு. அந்த வெளிச்சம் இரண்டு பக்கமும் விழவேண்டும் என்றால் நடுவில் உள்ள தடுப்பு கூரைவரை போகக்கூடாது. உட்கார்ந்தவன் தோளோடு நின்றுவிடவேண்டும்.

அவள் பின்பக்கம் ஓடினாள். கழித்த மரத்தை வேலை முடியும்வரை எறியமாட்டார்கள். குவியலைக் கிளறி, தடுப்பு நின்ற இடத்துப் பழைய தூண் ஒன்றை இழுத்துப் போட்டாள். திருகாணி ஓட்டைகள் வரிசையாக மேலே ஏறி, தோளுயரத்தில் நின்றன. அதற்கு மேலே பழைய மெருகு ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. அங்கே எந்தக் காலத்திலும் எதுவும் பொருத்தப்படவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தூணை அறுத்தவளும் அவள்தான். ஓட்டையைப் பார்த்தாள், மெருகைப் பார்க்கவில்லை.

பின்னாலேயே வந்து நின்ற டெஸ்ஸிடம் அவள் தூணைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். "அப்போ, பொய்னு சொல்லி எங்கம்மா அலமாரியைப் பிடுங்கிப் போட்டுட்டு, நீயா ஒரு பொய்யைச் செஞ்சு நிறுத்தியிருக்கே. அப்படித்தானே பல்லுக்காரம்மா?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தைத்தது.

*

"விடு," என்றார் கிளிஃபோர்ட். "அப்படியே இருக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"டெஸ்ஸுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். இப்ப கமிட்டி பூராவுக்கும் தெரியும்."

"பெரில், கேளு. பிம் பாத்து உறுதின்னு எழுதிக் கொடுத்தது இந்தத் தடுப்போட. நீ கை வச்சா அது செல்லாது. மறுபடி அவர் வரணும். அவர் ஸ்காட்லாந்துல மீன் பிடிக்கப் போயிட்டார், செப்டம்பர்லதான் வருவார். விடுமுறைத் திங்கள் போயிடும். செவ்வாய்க்கிழமை டீசல் வண்டி வந்து வாசல்ல நிக்கும். நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவங்க வீட்டுல எதெது பொய்யோ அதையெல்லாம் தூக்கி எறிஞ்சோம் கிளிஃபோர்ட். ஒரு மனுஷர் பிறந்து வளர்ந்த வீடு. உண்மையான பெட்டி வேணும்னு சொல்லித்தானே அதைச் செஞ்சோம்? இப்ப நம்ம பொய்யை மட்டும் வர்ணம் அடிச்சு வச்சுக்கிட்டா, நாம திருடங்க. வேற பேரு இல்ல."

"பயணிகளுக்குத் தனி அறைதான் பிடிக்கும்."

"பிடிச்சா முதல் வகுப்புல போகட்டும்."

அன்று பிற்பகலே ரம்பத்தை எடுத்தாள். தான் செய்த வேலை, அதுவும் மாதக்கணக்கில் இழைத்து மெருகேற்றிய வேலை. தோளுயரத்தில் பென்சில் கோடு போட்டு அறுத்தாள். ஓர ஜோடி அறைகளின் இரண்டு தடுப்புகளை மட்டும்தான். கூரையில் அடைத்திருந்த மூன்று வட்டங்களையும் மறுபடி திறந்தாள். நடு அறைக்குத் தனி விளக்கு இருந்தது. அதன் இரண்டு பக்கத் தடுப்பும் கூரைவரை போனவைதான், பழைய வாசல் வெட்டே அதற்குச் சாட்சி. அந்த நடு அறை பெண்களுக்கா, புகைபிடிப்பவர்களுக்கா, யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. அந்த முழுத் தடுப்புகள் இரண்டும்தான் பெட்டியின் இடுப்பு. அவை நடுவை இறுக்கிப் பிடித்திருந்ததால்தான் ஓரங்களில் குட்டைத் தடுப்பு வைக்கக் கம்பெனிக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. கஞ்சத்தனம் செய்தாலும் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தார்கள்.

அப்படித்தான் என்று அவள் நம்பினாள். பிம் அதை ஒப்புக்கொள்ளவேண்டும். அதுவரை பெட்டி வயலுக்குப் போகாமல் இருக்கவேண்டும்.

விடுமுறைத் திங்கள் கூட்டம் அலைமோதியது. எல்லாப் பெட்டியும் ஓடியது, கருஞ்சிவப்புப் பெட்டி மட்டும் கொட்டகையில் நின்றது. செவ்வாய்க்கிழமை காலை கிளிஃபோர்ட் வந்தார். கூட ஷண்டிங் எஞ்சின் ஓட்டும் வின்ஸ். இளகிய உடம்பு, இளகிய மனசு, ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்.

எஞ்சின் பெட்டியை நெருங்கியது. நின்றது. வின்ஸ் எட்டிப் பார்த்தார்.

"நகர்த்த முடியாது கண்ணு."

"ஏன்?"

"பலகை தொங்குது."

பெட்டியின் முனையில் சிவப்புப் பலகை தொங்கியது: 'நகர்த்தாதே'. அதன் கீழே சுண்ணக்கட்டியில் பெரிலின் பெயர். அடியிலிருந்து அவளுடைய பூட்ஸ் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டிக்கு அடியில் வேலை செய்கிறவர் அந்தப் பலகையை மாட்டுவார். மாட்டியவரைத் தவிர வேறு யாரும், ராஜாவே வந்தாலும், அதை எடுக்கக்கூடாது. ஹார்ஸ்விக்கில் இந்த விதியை யாரும் மீறுவதில்லை. காரணம் கிளிஃபோர்டின் இடது கை. இளவயதில் வேறோர் இடத்தில் அவர் அடியில் படுத்திருந்தபோது, வேலை முடிந்திருக்கும் என்று யாரோ பலகையை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். இரண்டு விரல் போயிற்று. தலைவரானதும் அவர் சொன்ன முதல் விதி இதுதான்.

"வெளிய வா பெரில்."

"வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"அடிச்சட்டத்துக்கு இன்னும் ஒரு பூச்சு வர்ணம். வந்து பாரு. சும்மா மாட்டலை."

கிளிஃபோர்ட் மண்டியிட்டுக் குனிந்தார். உண்மையாகவே அடித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் கறுப்பு வர்ணம்.

"என் விரலை வச்சு என்னையே மிரட்டறியா?"

தூரிகை ஒரு நொடி நின்றது. "ஆமா," என்றாள். "கேவலமாத்தான் இருக்கு எனக்கும். ஆனா எடுக்கமாட்டேன்."

"வின்ஸ்!"

"என்னைப் பாக்காதே கண்ணு," என்று வின்ஸ் எஞ்சினை அணைத்துவிட்டு டீ ஃபிளாஸ்க்கைத் திறந்தார். "பலகை தொங்கற வண்டியை நான் தொடமாட்டேன். நீ சொல்லிக்கொடுத்ததுதானே?"

டீசல் வண்டி மழையில் நின்றது. அதன் சொந்தக்காரர்கள் கிளிஃபோர்டிடம் வந்து கத்தினார்கள். அவர் அவர்களிடம் விதியைச் சொன்னார். சொல்லும்போது முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது, ஆனால் சொன்னார். பெரில் தன் வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டுத் தினமும் வந்தாள். விதியில் ஏமாற்று கூடாது. வேலை நடந்தால்தான் பலகை. எனவே நடந்தது. அடிச்சட்டத்துக்கு வர்ணம், பிரேக் தண்டுக்கு எண்ணெய், அடிப்பலகைக்கு மெருகு. யார் கண்ணிலும் படாத இடங்களெல்லாம் அந்தப் பெட்டியில் பளபளத்தது அந்த நாட்களில்தான். முதலில் ஒருவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அவரே தூரிகை கேட்டார். டெஸ் கால்பலகையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் இது தன் படுக்கையறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

*

ஒரு புதன்கிழமை காலை திரு. பிம் வந்தார். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

குட்டைத் தடுப்புகளைப் பார்த்தார். பழைய தூணையும் பார்த்தார். "நல்ல சாட்சிதான்," என்றார். "ஆனா இது தாங்குமான்னு தூண் சொல்லாது. கதவுதான் சொல்லும்."

அவர் சோதிக்கும் முறை எளிது. ஆட்கள் ஏறினால் என்ன பாரமோ அந்த அளவுக்கு மண்மூட்டைகளை இருக்கைகளில் அடுக்கவேண்டும். பெட்டியை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டுபோய் வளைவுகளில் ஆட்டிவிட்டுத் திரும்பவேண்டும். பிறகு, பாரத்தோடேயே, ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடவேண்டும். கதவுநிலை ஒரு செவ்வகம். உடம்பு துளி வளைந்தாலும் செவ்வகம் சாயும், கதவு இறுகிக்கொள்ளும். மரத்தால் பொய் சொல்ல முடியாது.

"பலகையை எடுங்க மிஸஸ் ஸ்டேதர்ஸ்."

பெரில் அதைக் கழற்றினாள். கொட்டகை வாசலில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பிரதான பாதைக்கு, மற்றொன்று வயலுக்கு. மாற்றும் நெம்புகோலின் பக்கத்தில் கிளிஃபோர்ட் நின்றுகொண்டிருந்தார். டீசல் வண்டிக்காரர்கள் கேட்டபடி, நெம்புகோல் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே வயல் பக்கமாகக் கிடந்தது. இப்போது தடுக்கப் பலகை இல்லை.

கெஞ்ச அவளுக்கு வராது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளிஃபோர்ட் மூன்று விரல் கையாலும் முழுக் கையாலும் சேர்த்துப் பிடித்து நெம்புகோலை இழுத்தார். கனமான சத்தத்தோடு தண்டவாளம் பிரதான பாதைக்கு மாறியது.

"என்ன முறைப்பு?" என்றார். "உன்னை மாதிரி நானும் விதிப்படிதான் நடப்பேன். சோதனைக்குப் போற வண்டி சோதனைக்குத்தான் போகணும். கிளம்பு வின்ஸ்!"

போய்வந்தது. பிம் ஒரு கையில் தபால் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு கதவு கதவாக நடந்தார். திறந்தார், மூடினார், இடுக்கில் அட்டையை ஓட்டினார். திறந்தார், மூடினார், ஓட்டினார். ஒரு பக்கம் முடிந்தது. மறு பக்கத்தில் குட்டைத் தடுப்பை ஒட்டிய ஒரு கதவில் கைப்பிடி திரும்பியது, கதவு வரவில்லை.

டெஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, மூடிக்கொண்டார்.

பிம் அட்டையை மேலே செருகினார். வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே, அங்கேயும் போயிற்று. பூட்டுப் பக்கம் வந்ததும் ஓரிடத்தில் சிக்கியது. அட்டையை உருவி முனையைப் பார்த்தார். கருஞ்சிவப்பு. தோளால் கதவை ஒரு இடி இடித்தார். 'சட்' என்று திறந்துகொண்டது.

"நிலை சாயலை. இடுக்கு சீரா இருக்கு. வர்ணம் காயறதுக்குள்ள யாரு இங்க இன்னொரு பூச்சு அடிச்சது?"

முதலில் டீ கொண்டுவந்து பிறகு தூரிகை கேட்டவர் வேறு எங்கோ பார்த்தார்.

"உறுதி," என்றார் பிம். "ஓட்டலாம்."

கிளிஃபோர்ட் தொண்டையைக் கனைத்தார். "நல்லது. ஞாயித்துக்கிழமை மதிய வண்டியில சேத்துக்கலாம். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன்."

"இன்னைக்கு மதிய வண்டி இருக்கே."

"பெரில், இன்னைக்குப் புதன்கிழமை. பத்துப் பேர் வந்தா அதிகம்."

"பத்துப் பேர் வரட்டும். மூட்டையெல்லாம் இறக்குங்கப்பா!"

மூட்டைகள் இறங்கின. மூன்று விளக்குகளை ஏற்றிக் கூரைமேல் நடந்துபோய் வட்டங்களில் இறக்கியவள் பெரில்தான். கீழே இறங்கி வந்தபோது நடைமேடையில் ஒரு தம்பதியும், நாயோடு ஒரு பெண்ணும், பள்ளிக்கூடத்து ஆசிரியர் இரண்டு பேரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல் அறையில் கிளிஃபோர்ட் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நடு அறைதான் தன் படுக்கையறை என்று ஊரெல்லாம் சொன்ன டெஸ், அங்கே போகாமல், தலைவருக்கு அடுத்த அறையில் ஏறிக்கொண்டார். தோளுயரத் தடுப்புக்கு மேலே இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்தன. நடுவில் விளக்கு ஒளிர்ந்தது.

"இருக்கை பலகையா இருக்கு," என்றார் கிளிஃபோர்ட்.

"எங்க வீட்டுல மெத்தை இருந்துச்சு. அது பொய்யாம், எடுத்துட்டாங்க. நண்டு சாண்ட்விச் இருக்கு, தரட்டுமா?"

"வேண்டாம்."

"அப்படின்னா நான் தின்னறதைப் பாத்துக்கிட்டே வா. இந்தப் பக்கம் சுவர் இல்ல, உனக்கு வேற வழியும் இல்ல."

கிளிஃபோர்ட் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே நின்றவளைப் பார்த்தார். "வழி பூரா இவர் பேசுவார் பெரில்!"

"கதவைச் சாத்து கிளிஃபோர்ட்," என்றாள் அவள். "வண்டி கிளம்புது."